நெட் இல்லாத மெஷின்ல டவுட் வந்தா யார்கிட்ட கேக்கறது?

தம்பி ஒருத்தன் கேட்டிருக்கான், விஷயம் இதுதான். மெக்கானிக்கல் முடிச்சிட்டு ஆறு மாசமா பைத்தான் கத்துக்கிட்டு இப்போ சிறுசேரில ஒரு ப்ராஜெக்ட்ல உக்காந்திருக்கான். அங்க குடுத்த மெஷின்ல நெட் கிடையாது, ஃபோனை வாசல்லயே லாக்கர்ல வச்சிடணும். "வீட்ல இருந்தா கூகுள் பண்ணி எழுதிடுவேண்ணா, அங்க ஒரு ஃபங்ஷன் பேரு மறந்தா கூட கை ஓடல. ஹெல்ப்னு அடிச்சா பக்கம் பக்கமா வருது, எங்க ஆரம்பிக்கறதுன்னே தெரியல, வெளிய வரத் தெரியாம விண்டோவையே மூடிட்டேன்"ங்கறான்.

முதல்ல வெளிய வர வழிய சொல்லிடறேன். க்யூ அடி. அவ்ளோதான். அந்த பக்கம் பக்கமா காட்டற சமாச்சாரத்துக்கு பேஜர்னு பேரு, லினக்ஸ்ல பெரும்பாலும் லெஸ்ங்கற ப்ரோகிராம் தான் அந்த வேலைய பண்ணுது, ஸ்பேஸ் அடிச்சா அடுத்த பக்கம், ஸ்லாஷ் போட்டு ஒரு வார்த்தை அடிச்சு என்டர் தட்டினா அந்த வார்த்தைக்கு போகும், என்ங்கற இங்கிலீஷ் எழுத்த அடிச்சா அதே வார்த்தை அடுத்தது எங்க வருதோ அங்க போகும். இந்த ஸ்லாஷ் தெரியாதவங்க தான் ஹெல்ப் கடல் மாதிரி இருக்குன்னு சொல்றாங்க. நானே மூணு வருஷம் மேல இருந்து கீழ ஸ்க்ரோல் பண்ணிட்டு இருந்த ஆளு, அதனால உன்ன கிண்டல் பண்ண எனக்கு யோக்கியதை இல்ல.

(கமாண்ட் எல்லாம் ஃபோன்ல சொல்ற மாதிரி தமிழ்லயே எழுதறேன், டைப் பண்ணும்போது நீ இங்கிலீஷ்ல போட்டுக்கோ.)

இப்போ மெயின் மேட்டர். உனக்கு வர்ற டவுட் எல்லாமே ரெண்டு ரகம் தான், அத பிரிக்காம ஹெல்ப்கிட்ட போனா திணறத்தான் செய்யும். ஒண்ணு, பேரு தெரியும் ஆனா எப்படி யூஸ் பண்றதுன்னு மறந்துபோச்சு. இன்னொண்ணு, பேரே தெரியாது, என்ன வேணும்னு மட்டும் தெரியும். முதல் ரகத்துக்கு ஹெல்ப் மாதிரி சுலபமான ஆளே இல்ல. ரெண்டாவதுக்கு அதே ஹெல்ப்ப வேற வாசல் வழியா போய் தட்டணும்.

பேரு தெரிஞ்ச கேஸ முதல்ல பாப்போம். பைத்தான் ப்ராம்ப்ட்ல ஹெல்ப், ப்ராக்கெட், உள்ள ஃபங்ஷன் பேரு. முழு ஸ்ட்ரிங் கிளாஸுக்கு ஹெல்ப் கேட்டா கடல் தான் வரும், ஸ்ட்ரிங் (டைப் பண்ணும்போது எஸ்டிஆர்னு மட்டும்) புள்ளி ஸ்ப்ளிட்னு குறிப்பா கேட்டா பத்து பதினஞ்சு வரி தான். அந்த பத்து வரியையும் நாவல் மாதிரி படிக்காத. முதல் வரில என்ன உள்ள போகுதுன்னு பாரு, அடுத்தது என்ன திரும்பி வருதுன்னு பாரு. என் அனுபவத்துல ஜூனியர்ஸ் பண்ற தப்புல பாதி அந்த ரெண்டாவது விஷயத்துல தான். லிஸ்ட் புள்ளி சார்ட் எடுத்துக்கோ, ஹெல்ப் கேட்டா முதல் வாக்கியத்துலயே சொல்லிடுது, சின்னதுல இருந்து பெருசா அடுக்கும், நன், அதாவது ஒண்ணுமில்லங்கறத, திருப்பிக் குடுக்கும்னு. நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க, ஏ ஈக்வல் டு ஏ புள்ளி சார்ட்னு எழுதிட்டு, லிஸ்ட் காணாம போச்சுன்னு ஒரு மணி நேரம் தேடறாங்க. லிஸ்ட் எங்கயும் போகல, அதோட பேர்ல நன்ன தூக்கி வச்சது அவங்களே தான்.

ஹெல்ப்ல ஒரு கண்ணி இருக்கு, இத யாரும் சொல்லித்தர மாட்டாங்க. ஃபங்ஷன் பேருக்கு பின்னாடி பழக்கதோஷத்துல ஒரு காலி ப்ராக்கெட் போட்டுட்டா, பைத்தான் முதல்ல அந்த ஃபங்ஷன ஓட்டிட்டு, அது என்ன குடுத்துச்சோ அதுக்கு ஹெல்ப் காட்டும். மேல சொன்ன ஏ புள்ளி சார்ட்டுக்கு அப்படி அடிச்சு பாரு, உன் லிஸ்ட்டும் கலைஞ்சிருக்கும், வந்த ஹெல்ப்பும் நன் டைப்ப பத்தினதா இருக்கும். அது சார்ட்டா இருந்தா பரவால்ல, ஃபைல் அழிக்கற ஃபங்ஷனா இருந்தா? அதே மாதிரி, ஒரு வேரியபிள்ல "வேளச்சேரி"ன்னு ஸ்ட்ரிங் இருக்கு, அந்த வேரியபிளுக்கு ஹெல்ப் கேட்டா ஸ்ட்ரிங்க பத்தி சொல்லாது, வேளச்சேரிங்கற தலைப்புல டாக்குமென்டேஷன் எதுவும் இல்லன்னு கைய விரிச்சிடும். ஸ்ட்ரிங்க உள்ள குடுத்தா அத தேடற வார்த்தையா எடுத்துக்கறது அதோட சுபாவம். அப்படிப்பட்ட நேரத்துல வேரியபிளோட டைப்ப கேட்டு, அந்த டைப்புக்கு ஹெல்ப் கேக்கணும்.

சரி, படிச்சா புரியற மாதிரி இருந்தும் தப்பு பண்ண ஒரு கதை சொல்றேன், கொஞ்சம் பொறுமையா கேளு. எங்க டீம்ல ஒரு பொண்ணு, நல்ல ஷார்ப், வெப்சைட் பேரு லிஸ்ட்ல இருந்து கடைசில இருக்கற டாட் இன்ன வெட்டி எடுக்கணும். ஆர்ஸ்ட்ரிப்ங்கற ஸ்ட்ரிங் ஃபங்ஷன போட்டு உள்ள டாட் இன் குடுத்துட்டா. சேலம் டாட் இன் போட்டு டெஸ்ட் பண்ணா, சேலம்னு வந்துச்சு. திருச்சி போட்டா, சரியா வந்துச்சு. லைவ்ல விட்டாச்சு. அப்புறம் பாத்தா சென்னை "சென்னா"ன்னு நிக்குது, மதுரை "மதுரா" ஆயிடுச்சு, பாவம் தேனி, இங்கிலீஷ்ல வெறும் மூணு எழுத்து "தி"ன்னு மிஞ்சி நிக்குது. டேட்டால தான் ப்ராப்ளம்னு ரெண்டு பேரு அடிச்சு சொன்னாங்க. நான் அவ சீட்டுக்கு போய் ஒண்ணும் பண்ணல, ஆர்ஸ்ட்ரிப்புக்கு ஹெல்ப் அடின்னு சொன்னேன். நாலு வரி வந்துச்சு. அதுல இருக்கற வார்த்தை, நீ குடுக்கற எழுத்துக்கள எடுத்துடும், அப்படின்னு. எழுத்துக்கள்! வால் இல்ல, எழுத்துக்கள். அதாவது புள்ளி, ஐ, என், இந்த மூணுல எது கடைசில இருந்தாலும் தின்னுட்டே உள்ள போகும், வேற எழுத்து வந்தா தான் நிக்கும். சேலம் எம்ல முடியுது, திருச்சி இங்கிலீஷ்ல ஒய்ல முடியுது, அதனால தப்பிச்சுது. சென்னையும் மதுரையும் இங்கிலீஷ்ல ஐல முடியுது, ஏ வந்தப்புறம் தான் நின்னுச்சு. தேனில ஐயும் போச்சு, அதுக்கு முன்னாடி இருந்த என்னும் போச்சு. அந்த பொண்ணு ஏற்கனவே அந்த ஹெல்ப்ப படிச்சிருந்தா, ஆனா அவ மனசுல என்ன இருந்துச்சோ அதையே அங்கயும் படிச்சிருக்கா. ஹெல்ப்ல பன்மை இருந்தா அது பன்மை தான், சும்மா ஸ்டைலுக்கு எழுதி இருக்க மாட்டாங்க.

இதுக்கு சரியான மருந்து ரிமூவ்சஃபிக்ஸ், பைத்தான் 3.9ல, 2020 அக்டோபர்ல தான் வந்துச்சு. இங்க தான் எனக்கு இந்த உள்ளயே இருக்கற ஹெல்ப் மேல ஒரு தனி மரியாதை. நெட்ல தேடினாலும் சாட்ஜிபிடி கிட்ட கேட்டாலும் ரிமூவ்சஃபிக்ஸ் போடுன்னு பட்டுனு சொல்லும், அது ஓடப்போற சர்வர்ல 3.6 இருந்தா என்ன பண்ணுவ? அந்த சர்வர்லயே போய் எஸ்டிஆர் புள்ளி ரிமூவ்சஃபிக்ஸுக்கு ஹெல்ப் கேட்டு பாரு, அப்படி ஒரு சமாச்சாரமே இல்லன்னு எரர் அடிக்கும். உன் மெஷின்ல எந்த வெர்ஷன் இருக்கோ, அத பத்தி மட்டும் பேசற ஒரே ஆளு அதுதான். நெட் இருக்கறப்ப கூட நான் முதல்ல இதுகிட்ட கேக்கறதுக்கு காரணம் இதுதான், நெட் இல்லாத கொடுமைக்காக இல்ல.

பேரே தெரியாத ரகத்துக்கு வருவோம், இதுதான் கஷ்டம். கையில ஒரு பொருள் இருக்கு, இத வச்சு என்னெல்லாம் பண்ணலாம்னு தெரியலன்னா டிர் போடு, ப்ராக்கெட்டுக்குள்ள அந்த பொருள். முன்னாடியும் பின்னாடியும் ரெண்டு ரெண்டு அண்டர்ஸ்கோர் போட்டு கொஞ்சம் வரும், அதெல்லாம் பைத்தான் தனக்குள்ள வச்சுக்கற விஷயம், கண்ண மூடிட்டு தாண்டி போ, கடைசில இருக்கற சாதாரண பேருங்க தான் உனக்கு. ஒரு பேரப் பாத்தா இதுவா இருக்குமோன்னு தோணும், அதுக்கு ஹெல்ப் கேளு. டிர்ல பேரு பிடிச்சு ஹெல்ப்ல விசாரிக்கறது, திரும்ப டிர். ஒரு வாரம் பண்ணா கை தானா போகும்.

பொருளே கையில இல்ல, தலைப்பு மட்டும் தான் இருக்குன்னா, ஹெல்ப்புக்குள்ள கோட்ஸ் போட்டு டாபிக்ஸ்னு குடு. பெரிய எழுத்துல ஒரு பட்டியல் வரும். ப்ரெசிடென்ஸ்னு ஒண்ணு இருக்கும், எந்த ஆபரேட்டர் முதல்ல நடக்கும்னு வரிசையா சொல்லும். இஃப், ஃபார் மாதிரி கீவேர்டுக்கு கூட கோட்ஸ் போட்டு கேட்டா பதில் வரும், கோட்ஸ் இல்லாம கேட்டா சின்டாக்ஸ் எரர் தான். கோட்ஸுக்குள்ள மாட்யூல்ஸ்னு அடிச்சு ஸ்பேஸ் விட்டு ஒரு வார்த்தை குடுத்தா, அந்த வார்த்தை சம்பந்தப்பட்ட மாட்யூல் எல்லாம் தேடி குடுக்கும், கொஞ்சம் மெதுவா தான் வரும், டீ குடிச்சிட்டு வா.

அந்த டாபிக்ஸ்ல ஃபார்மேட்டிங்னு ஒண்ணு இருக்கே, அது என் மானத்த ஒருநாள் காப்பாத்துச்சு. 2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். மடிப்பாக்கத்துல எங்க தெருவுல முட்டி வரைக்கும் தண்ணி, கரண்ட் இல்ல, மொபைல் டேட்டாவும் செத்துப்போச்சு. அபார்ட்மென்ட்ல சாயந்திரம் ஒரு மணி நேரம் ஜெனரேட்டர் போடுவாங்க, அதுல லேப்டாப்ப சார்ஜ் பண்ணிக்குவேன். மச்சான் பாரிமுனைல ஸ்டேஷனரி ஹோல்சேல் வச்சிருக்காரு, அவருக்கு பில் ப்ரின்ட் பண்ற ஒரு ஸ்கிரிப்ட் ரொம்ப நாளா பாக்கி, சும்மா தானே உக்காந்திருக்கோம்னு எடுத்தேன். எல்லாம் சரியா வந்துச்சு, கமா தான் தகராறு. பன்னெண்டரை லட்சம்னா நமக்கு 12,50,000. பைத்தான் ஃபார்மேட்ல கமா போட்டா 1,250,000ன்னு வருது. மச்சான் அத பாத்தா ஒரு கோடியே இருபத்தஞ்சு லட்சமான்னு கேப்பாரு, அவருக்கு கமா இருக்கற இடம் தான் கணக்கு, நம்பர் இல்ல.

நெட் இருந்தா ரெண்டு நிமிஷ வேலை. இல்ல. கோட்ஸ் போட்டு ஃபார்மேட்டிங்னு ஹெல்ப் கேட்டேன், ஸ்லாஷ் போட்டு கமான்னு தேடினேன். கமா ஆயிரத்த பிரிக்கறதுக்கு, ஊருக்கு ஏத்த மாதிரி பிரிக்கணும்னா அதுக்கு பதிலா என்ங்கற எழுத்த போடுன்னு இருந்துச்சு. ஊருக்கு ஏத்த மாதிரிங்கறதுக்கு அவங்க வச்ச பேரு லொகேல். பாத்தியா, பேரு கெடச்சிடுச்சு, இனிமே இது முதல் ரக டவுட். லொகேல் மாட்யூல இம்போர்ட் பண்ணி அதுக்கு ஹெல்ப், டெர்மினல்ல லொகேல் மைனஸ் ஏ அடிச்சு பாத்தா இந்திய இங்கிலீஷ் ஏற்கனவே மெஷின்ல இருக்கு, செட் பண்ணேன், என் போட்டேன், 12,50,000. மெழுகுவத்தி வெளிச்சத்துல அத பாத்தப்ப வந்த சந்தோஷம் இருக்கே, வீட்ல எல்லாரும் தண்ணி ஏறுதான்னு பாத்துட்டு இருக்காங்க, நான் கமாவ பாத்து சிரிச்சிட்டு இருக்கேன்.

சிரிப்பு பத்து நிமிஷம் தான். பைசாவோட ஒரு தொகை குடுத்தேன், பன்னெண்டரை லட்சத்து அம்பது பைசா. 1.25ன்னு ஆரம்பிச்சு ஈ ப்ளஸ் ஜீரோ சிக்ஸ்னு சயின்ஸ் பாடம் மாதிரி வருது. திரும்ப அதே பக்கத்துக்கு போனா, முழு எண்ணுக்கு ஒரு டேபிள், புள்ளி வச்ச எண்ணுக்கு தனி டேபிள், ரெண்டாவது டேபிள்ல என்ங்கறது ஜிங்கற எழுத்து மாதிரியே நடந்துக்கும்னு எழுதி இருக்கு, ஜி ஆறு இலக்கத்துக்கு மேல போனா சுருக்கிடும்னும் அங்கயே இருக்கு. வேணுங்கறது கெடச்ச உடனே படிக்கறத நிறுத்திட்டேன், அதான். அப்புறம் லொகேல் மாட்யூல்லயே ஃபார்மேட் ஸ்ட்ரிங்னு ஒரு ஃபங்ஷன் இருந்துச்சு, க்ரூப்பிங் ட்ரூன்னு குடுத்து ரெண்டு தசமம் கேட்டா ஒழுங்கா 12,50,000.50ன்னு வந்துடுச்சு. இன்னும் அந்த ஸ்கிரிப்ட் தான் ஓடுது அவரு கடைல.

இங்கிலீஷ் பத்தி ஒரு வார்த்தை. நீ கேக்கல, ஆனா உன் பிரச்சினைல பாதி அதுன்னு எனக்கு தோணுது, ஏன்னா நானும் தமிழ் மீடியம். ஹெல்ப்ல வர்ற இங்கிலீஷ் ரொம்ப சின்ன இங்கிலீஷ், திரும்ப திரும்ப அதே முப்பது நாப்பது வார்த்தை தான். இன்-ப்ளேஸ்னா புதுசா ஒண்ணு செய்யாம இருக்கறதையே மாத்திடும். ஆப்ஷனல்னா குடுத்தாலும் சரி குடுக்கலன்னாலும் சரி. டிஃபால்ட்னா குடுக்கலன்னா அதுவா எடுத்துக்கறது. இட்டரபிள்னா ஃபார் லூப்ல ஒவ்வொண்ணா எடுக்க முடியற எதுவும். ரெய்சஸ்னா இந்த எரர தூக்கி எறியும்னு அர்த்தம், எதையும் உயர்த்தல. டெப்ரிகேட்டட்னா இப்போ ஓடும், ஆனா ஒருநாள் எடுத்துடுவாங்க, புதுசா எழுதறதுல போடாத. முதல் வரில ப்ராக்கெட்டுக்குள்ள தனியா ஒரு ஸ்லாஷும் ஒரு ஸ்டாரும் வந்தா பயப்படாத, ஸ்லாஷுக்கு முன்னாடி இருக்கறத பேரு சொல்லாம வரிசைப்படி தான் குடுக்கணும், ஸ்டாருக்கு பின்னாடி இருக்கறத பேரு சொல்லித்தான் குடுக்கணும். சார்ட்டட் ஃபங்ஷன் ஹெல்ப்ல ரெண்டுமே இருக்கு, அத வச்சு பழகு.

டெர்மினல் பக்கம் வந்தா மேன், மேனுவல்ங்கறதோட சுருக்கம். இது பழைய மனுஷன், யூனிக்ஸோட முதல் மேனுவல் 1971 நவம்பர் 3னு தேதி போட்டு வந்துச்சு, கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதினது. (நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா சிந்தாதிரிப்பேட்டைல கம்ப்யூட்டர் சாமான் வாங்கும்போதெல்லாம் எனக்கு அவரு ஞாபகம் தான் வரும்.) மேன் பக்கங்கள எட்டு பிரிவா பிரிச்சு வச்சிருக்காங்க, ஒண்ணு நாம டெர்மினல்ல அடிக்கற கமாண்ட், மூணு சி லைப்ரரி ஃபங்ஷன், அஞ்சு ஃபைல் எப்படி இருக்கும்ங்கறது. சி எழுதற பசங்க பிரிண்ட்எஃப்புக்கு மேன் போட்டுட்டு, என்னடா இதுல ஒண்ணுமே இல்லன்னு குழம்புவாங்க, வந்தது டெர்மினல் கமாண்டோட பக்கம். மேன் மூணு பிரிண்ட்எஃப்னு நம்பரோட கேக்கணும். பேரு தெரியலன்னா மேன் மைனஸ் கே போட்டு ஒரு வார்த்தை. அங்க சதுர ப்ராக்கெட்டுக்குள்ள இருந்தா அது கட்டாயம் இல்ல, மூணு புள்ளி இருந்தா எத்தனை வேணா குடுக்கலாம்.

சிடி கமாண்டுக்கு மேன் போட்டா பல மெஷின்ல ஒண்ணும் வராது, ஏன்னா சிடி ஒரு தனி ப்ரோகிராம் இல்ல, ஷெல்லுக்குள்ளயே இருக்கறது, ஷெல்னா டெர்மினல்ல நாம அடிக்கறத வாங்கி ஓட்டற ப்ரோகிராம். டைப் சிடின்னு அடிச்சா அத சொல்லிடும், அப்புறம் பேஷ்ங்கற ஷெல்ல ஹெல்ப் சிடி. டாக்கர் கன்டெய்னருக்குள்ள பெரும்பாலும் மேனே இருக்காது, இடத்த மிச்சம் பண்ண தூக்கி இருப்பாங்க, அங்க கமாண்டுக்கு பின்னாடி ரெண்டு கோடு ஹெல்ப் போட்டு பாத்துக்க வேண்டியது தான். கிட்ங்கற வெர்ஷன் கன்ட்ரோல் டூல்ல ஒரு கோடு ஹெச் போட்டா சுருக்கமா வரும், ரெண்டு கோடு ஹெல்ப் போட்டா முழு மேனுவல். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் ப்ராம்ப்ட்ல பேக்ஸ்லாஷ் ஹெச் போட்டு செலக்ட். கோ மொழில கோ டாக். ரஸ்ட் மொழில எரர் நம்பர் குடுத்து எக்ஸ்ப்ளெய்ன் கேட்டா அந்த எரருக்கே பாடம் எடுக்கும், அவ்ளோ பொறுமை வேற எந்த கம்பைலருக்கும் நான் பாத்ததில்ல. எல்லாத்துக்கும் எங்கயோ ஒரு வாசல் இருக்கும், புது டூல் கையில குடுத்தா நான் முதல்ல தேடறது அந்த வாசல தான். நான் காலேஜ் படிச்சப்ப லேப்ல டர்போ சி, அந்த நீல ஸ்க்ரீன், நெட்டாவது ஒண்ணாவது. ஃபங்ஷன் பேரு மேல கர்சர வச்சு கன்ட்ரோல் எஃப் ஒன் அடிச்சா விளக்கம் வரும், கீழ ஒரு முழு ப்ரோகிராமே உதாரணமா இருக்கும், அத காப்பி பண்ணி ஓட்டி தான் நாங்க பாதி பாடம் படிச்சோம்.

ஹெல்ப்ல சில நேரம் ஒண்ணுமே இருக்காது. வெறும் ஃபங்ஷன் பேரு, அவ்ளோதான். அது ஹெல்ப்போட தப்பு இல்ல, எழுதினவன் டாக்ஸ்ட்ரிங், அதாவது ஃபங்ஷனுக்குள்ளயே வைக்கற விளக்கம், எழுதல. உன் ஆபீஸ் கோட்ல இது தான் நிறைய வரும். அப்போ சோர்ஸ்க்கே போயிடு, ஐபைத்தான் இருந்தா பேருக்கு பின்னாடி ரெண்டு கொஸ்டின் மார்க், இல்லன்னா இன்ஸ்பெக்ட் மாட்யூல்ல கெட்சோர்ஸ். சில பில்ட்-இன் ஃபங்ஷன் சி மொழில எழுதினது, அதுக்கு சோர்ஸ் காட்டாது, அத விட்டுடு. இன்னொண்ணு, ரேண்டம் மாட்யூலுக்கு ஹெல்ப் கேட்டா நீ எழுதின கோடே வந்து நிக்குதுன்னா, உன் ஃபோல்டர்ல ரேண்டம்னு ஒரு ஃபைல் சேவ் பண்ணி வச்சிருப்ப, பேர மாத்து. ஹெல்ப்போட கடைசில ஃபைல்னு தலைப்பு போட்டு எந்த பாத்ல இருந்து வருதுன்னு காட்டும், அத பாத்தா தெரிஞ்சிடும்.

கொள்கை அளவுல இதெல்லாம் சரி, ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன், புதுசா ஒரு விஷயத்த முதல்ல இருந்து கத்துக்க ஹெல்ப் லாயக்கில்ல. கிளாஸ்னா என்ன, ஏன் வேணும்னு அதுகிட்ட கேட்டா சட்ட புத்தகம் மாதிரி பேசும். அத வீட்ல ராத்திரி படி, ப்ளஸ் டூ புக்ல கூட இப்போ பைத்தான் இருக்கு, தமிழ்லயே. ஆபீஸ்ல உக்காந்தப்புறம் ஞாபகப்படுத்திக்க தான் ஹெல்ப்.

அந்த கருப்பு ஸ்க்ரீன்ல படிக்க கண்ணு வலிக்குதுன்னா கடைசியா ஒரு வழி. டெர்மினல்ல பைத்தான், ஸ்பேஸ், மைனஸ் எம், பைடாக், மைனஸ் பி. ப்ரவுசர் திறந்து உன் மெஷின்ல இருக்கற மாட்யூல் எல்லாம் லிங்க் லிங்க்கா வரும், நீங்க இன்ஸ்டால் பண்ணி வச்ச லைப்ரரியும் சேத்து, மேல தேடற பாக்ஸும் இருக்கும், நெட் ஒரு சொட்டு கூட தேவையில்ல. லீடு பின்னாடி வந்து நின்னு உனக்கு மட்டும் எப்படிப்பா நெட் வருதுன்னு கேட்டா, மேல அட்ரஸ்ல லோக்கல்ஹோஸ்ட்னு இருக்கறத காட்டிடு.